ஆறு வரிக்குள்

நீளமாக எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கைப்பேசித் திரை உள்ளங்கை அகலம். அதில் அனுமார் வால் மாதிரி ஒரு பதிவு வந்து விழுந்தால், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் என்ன செய்வார்? கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விடுவார். உள்ளே தங்கமே இருந்தாலும் வீண்தான்.

தையல்கார அம்மாவின் மகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன். அவள் இறந்ததற்கு என் அக்காதான் காரணம் என்று எங்கள் இணையதளத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். அக்காவும் அப்படித்தான் நம்புகிறாள். நேற்று உங்களிடம் "என் தப்புதான்" என்று சொன்னாளாம். இரண்டே சொல். அக்கா இரண்டு சொல்லில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்து நான் கேட்டதே இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுகிறவன். குழாய் உடைந்தால், தொட்டி கழுவினால், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், எதற்கு வராது என்று ஊருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "மேற்குப் பகுதிக்கு நாளை தண்ணீர் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்" என்று எழுதினேன். செய்தியில் இடம் போதாமல் "தண்ணீர் வரும்" என்பதோடு நின்றுவிட்டது. மறுநாள் மேற்குப் பகுதி முழுக்க வாளியும் குடமுமாக நின்றது. மேலாளர் கூப்பிட்டு, கோபப்படாமல்தான் சொன்னார்: "நம்ம மொழியில வாக்கியத்தோட தலையெழுத்து வால்ல இருக்குப்பா. வரும், வராது, கூடும், கூடாது எல்லாம் கடைசியிலதான். வாலை வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாரு." அன்றிலிருந்து நான் இரண்டு தடவை பார்க்காமல் எதையும் வெட்டியதில்லை.

தளத்தை ஆரம்பித்தது நான்தான். வலிப்பு உள்ளவர்களின் குடும்பங்கள் பேசிக்கொள்ள ஓர் இடம். எனக்கும் வலிப்பு உண்டு. பதினோரு வயதில் வந்தது, இன்றும் மாத்திரைதான். இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே வரும்போது உங்கள் காவலர்கூட எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நேரில் நான்கு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் ஒரு பயம், பேச்சின் நடுவில் விழுந்துவிடுவேனோ என்று. எழுத்தில் அந்தப் பயம் இல்லை. எழுத்தில் யாரும் விழுவதில்லை.

தளத்துக்கு ஒரு சட்டம் வைத்தேன். ஆறு வரி. அதற்கு மேல் போகிற பதிவை இயந்திரமே வெட்டி, மூன்று புள்ளி வைத்து, அடியில் "மேலும் படிக்க" என்று போடும். வெளியாகும் முன் நான் ஒருமுறை பார்த்து அனுமதிப்பேன். சுருக்கமாக எழுதுகிறவர்களுக்கு என் கையால் ஒரு கட்டைவிரல் குறி வைப்பேன், சபாஷ் என்பதுபோல. முகப்பில் "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று போட்டிருந்தேன். உறுப்பினர்களிடம் கருத்தும் கேட்டேன், முக்கால்வாசிப் பேர் ஆறு வரியே போதும் என்றார்கள். அதிலும் தையல்கார அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். "தம்பி, எனக்கு ஊசியில ஒரு கண்ணு, போன்ல ஒரு கண்ணு. ஆறு வரின்னா ஒரு சட்டைக் கையைத் தச்சு முடிக்கிறதுக்குள்ள படிச்சுருவேன்" என்று எழுதினார். அவருக்கும் கட்டைவிரல் வைத்தேன்.

பிறகு அக்கா வந்தாள்.

அக்கா மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நல்லவள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவளிடம் நேரம் என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பாள். நான் விழுந்த கதையை அவள் சொல்லக் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. பள்ளித் தாழ்வாரத்தில் விழுந்தது, கால்சட்டை நனைந்தது, அவள் தன் துப்பட்டாவைக் கழற்றி என் இடுப்பில் சுற்றியது, மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்று பார்த்தது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொன்னாள். ஒளிவுமறைவு கூடாதாம். அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்க யாரும் போகவில்லை.

தளத்துக்கு வந்த முதல் வாரமே அதை எழுதினாள். புதிதாக நோய் கண்ட பிள்ளையின் தாய் ஒருத்தி அழுதிருந்தாள். அவளுக்கு ஆறுதலாகத் தாழ்வாரம், கால்சட்டை, துப்பட்டா எல்லாவற்றையும் நீட்டி முழக்கி, "அந்தப் பையன்தான் இந்தத் தளத்தை நடத்துகிற என் தம்பி" என்று முடித்திருந்தாள். இயந்திரம் அதை ஆறு வரியில் வெட்டியது. நம்புவீர்களா, அத்தனை பேரும் "மேலும் படிக்க" அழுத்திப் படித்தார்கள். ஆறு வரி போதும் என்று கை தூக்கியவர்கள். பூவும் இதயமும் குவிந்தன. அன்றிலிருந்து கேள்விகள் எனக்கு வருவது நின்றது, எல்லாம் "அக்கா, அக்கா" என்று அவளுக்கே போயின. எனக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவில்லை. வருத்தம் வேறு, நிர்வாகம் வேறு.

நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு தவறு. அக்காவின் வளவளப்பால் ஒருவர், ஒரே ஒருவர், எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு, சின்னதாகத் தலைசுற்றியோ வாந்தி எடுத்தோ, "நீளமாக எழுதினால் இப்படித்தான்" என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும் என்று இருந்தேன். படிக்கிறவர்களின் நன்மைக்காகத்தான்.

அப்போது அந்தப் பதிவு வந்தது. முதல் வாக்கியத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "மாத்திரை சாப்பிட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிகிற பிள்ளைகளுக்கு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாம், ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஒருபோதும் கேட்காதீர்கள்." அதற்குக் கீழே இன்னும் ஒரு முழம். நான் மாத்திரையில் பாதியைத் துப்பிவிட்டு அடி வாங்கிய கதையும் உண்டு. அக்கா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அடித்துவிட்டு அவள்தான் அழுதாள்.

இயந்திரம் வெட்டிவிட்டது என்று நான் முதலில் உங்களிடம் சொன்னேன். பொய் இல்லை. இயந்திரம்தான் வெட்டியது. "பயப்பட ஒன்றும்" என்ற இடத்தில் ஆறாவது வரி முடிந்தது.

ஆனால் இன்று காலை நீங்கள் அந்தப் பதிவை அச்செடுத்த தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "முற்றுப்புள்ளி யார் வச்சது?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இத்தனை பேர் படித்தார்கள், ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. இயந்திரம் மூன்று புள்ளிதான் வைக்கும். ஒற்றைப் புள்ளி வைக்க அதற்குத் தெரியாது.

நான்தான் வைத்தேன். "பயப்பட ஒன்றும்" என்று அந்தரத்தில் நின்றால் படிக்கிறவர்களுக்கு உறுத்தும். அதனால் "இல்லை" என்ற சொல்லையும் மேலே ஏற்றி, புள்ளி வைத்து, வாக்கியத்தை முழுமையாக்கினேன். அடியில் இருந்த "மேலும் படிக்க" அதற்கு மேல் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆறு வரி, தெளிவு, தடங்கல் இல்லாத ஓட்டம். அக்கா எழுதியதிலேயே படிக்க எளிதாக இருந்தது அதுதான்.

எழுதியவரின் திரையில் முழுப் பதிவுதான் தெரியும். அதனால் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

தையல்கார அம்மா கேட்டார்: "அப்போ பாதி குடுக்கலாமா அக்கா? பரீட்சை வருது, ரொம்பத் தூங்குறா." அக்கா உடனே பதில் எழுதினாள். உடனே என்றால் அவள் வழக்கப்படி. "தங்கச்சி, உன் மகளைப் பத்திப் படிச்சதும் என் தம்பி ஞாபகம்தான் வந்துச்சு" என்று தொடங்கி, தாழ்வாரம், கால்சட்டை, துப்பட்டா எல்லாம் தாண்டி, கடைசியில்தான் "குடுக்கவே கூடாது". பதில்களுக்கும் ஆறு வரிதான் சட்டம், அதற்கு மேல் போனால் என் அனுமதிக்குக் காத்திருக்கும். படித்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்று. "ஆறு வரிக்குள் எழுதவும்" என்று திருப்பி அனுப்பினேன். அவள் சுருக்கிப் பார்த்தாள், பாவம். தாழ்வாரத்தை எடுத்துவிட்டுத் துப்பட்டாவை வைத்திருந்தாள். அதையும் திருப்பினேன். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு, "டேய், அந்தப் பொண்ணோட அம்மா காத்துக்கிட்டு இருப்பா. போட்டியா இல்லையா?" என்றாள். போடுகிறேன் அக்கா என்றேன்.

தையல்கார அம்மாவின் கேள்விக்கு அடியில் நான் ஒரு கட்டைவிரல் வைத்தேன். அதைத்தான் அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் என்கிறார்கள். நான் வைத்தது கேள்வி சுருக்கமாக இருந்ததற்காக. சுருக்கமாக எழுதுகிற எல்லோருக்கும் வைப்பதுதான், நீங்கள் தளத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

பாதி மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நான் இன்றுவரை ஒரு வேளைகூட விட்டதில்லை.

அந்தப் பெண்ணை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கடையில் அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஊசியைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாள், விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். குளியலறையில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். செய்தி கேட்டுப் போனேன். தையல் இயந்திரத்தில் ஒரு சட்டை பாதி தைத்தபடி ஊசிக்கடியில் மாட்டியிருந்தது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. தையல்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா சொன்னாங்கன்னுதான் தம்பி குடுத்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை. அங்கிருந்த எல்லோரையும்விட அதிகமாக நான்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போய், முழுப் பதிவை நீக்கினேன். அதற்குப் பிறகு எழுதியவர் திரையிலும் ஆறு வரிதான். மாலையில் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். யாரோ அவளைக் கொலைகாரி என்று எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. திரையில் விரலை வைத்து அந்தக் கடைசி வரியை மெதுவாகத் தடவினாள். "கேட்காதீங்கன்னு எழுதினேனேடா. எழுதலையோ?"

"எழுதலக்கா" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள் போல. அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் "ம்". தூங்கினாயா என்றால் "இல்ல". எந்தக் கதையும் கிடையாது, கடிகாரமும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. இத்தனை வருஷம் நான் விரும்பியது இதைத்தான் என்று நினைத்தேன். இப்போது வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது, மேடம். எனக்கு அது தாங்கவில்லை. சொட்டு விழுகிற இடத்தில் துணி போட்டுப் பார்த்தேன், அப்போதும் கேட்கிறது.

பழைய பிரதிகள் எல்லாம் தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அக்காவிடம் அந்த முழு வாக்கியத்தை மட்டும் காட்டிவிடுங்கள். அவள் எழுதித்தான் இருந்தாள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து பதிவாக வேண்டும். அந்தப் பெண் சாகட்டும் என்றுதான் நான் புள்ளி வைத்தேன் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

இவ்வளவுதான். நீளமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவரிடம் நீங்கள், "வாக்குமூலத்தையும் சாரோட சட்டப்படியே போடுங்க, ஆறு வரிக்குள்ள" என்று சொன்னது காதில் விழுந்தது. அதுதான் சரி. நீதிபதியும் மனிதர்தானே, எத்தனை பக்கம் படிப்பார்?

கொடுங்கள், பார்க்கிறேன். பெயர், வேலை, தளம். பதிவைத் திருத்தியது, பதிலை நிறுத்தியது, முழுப் பதிவை நீக்கியது. எழுத்துப்பிழை இல்லை. ஆறாவது வரி: "அந்தப் பெண் சாகட்டும் என்றுதான் நான் புள்ளி வைத்தேன்."

இரண்டு தடவை படித்துவிட்டேன். பேனாவைக் கொடுங்கள், மேடம். திருத்த ஒன்றும் இல்லை.