மதகுக்குக் கீழே இருந்தவள்

என் மனைவி டோரிஸுக்கு என்மேல் இருக்கும் ஒரே மனத்தாங்கல், ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் நான் கானாங்கெளுத்தியை வைப்பதுதான். பைக் மீனுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. "உங்க காதலிக்குச் சாப்பாடு கட்டியாச்சா?" என்பாள். அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் இந்தக் கேலி ஆரம்பித்துவிடும். நானும் சிரித்துக்கொள்வேன். டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

கிளிஃப் ஹார்கர் விஷயத்தைக் கேட்கிறீர்கள். அவன் வழுக்கி விழுந்தான் என்று அன்றைக்கே கான்ஸ்டபிளிடம் சொன்னேன். அது பொய் இல்லை. விழுந்த பிறகு என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குக் கீழே, தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த பள்ளம் ஒன்று இருக்கிறது. கால்வாயில் மற்ற இடமெல்லாம் இடுப்பளவுதான். அங்கே மட்டும் ஆள் மூழ்கும். அவள், அந்தப் பெரிய பைக் மீன், இருப்பது அங்கேதான். ஆட்டுக்குட்டி கனம், வாத்தலகு போலத் தட்டையான வாய், அதற்குள் ஊசி ஊசியாகப் பல். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு தடவை அவளைப் பிடிப்பேன், கொக்கியைக் கழற்றுவேன், விட்டுவிடுவேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கமில்லை.

பார்த்தால் காட்டுமிராண்டி மாதிரி இருக்கும், ஆனால் பைக் மீனுக்குப் பூஞ்சை உடம்பு. கரையில் ஈரப் பாய் விரித்து அதன்மேல்தான் கிடத்த வேண்டும். விடும்போதும் தூக்கிப் போட்டுவிட முடியாது. இழுபட்டுக் களைத்திருக்கும். ஒரு கையால் வாலடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை விடக் கூடாது. முன்னாலேயே விட்டால் மல்லாந்து செத்துவிடும். இந்தப் பொறுமை இல்லாதவன் பைக் மீனுக்குத் தூண்டில் போடவே கூடாது.

கிளிஃப் வேறு ரகம். அவன் போட்டிக்காரன். ஞாயிறுதோறும் கால்வாய்க்கரையில் வரிசையாக உட்கார்ந்து, விரல் நீளக் குஞ்சுகளைப் பிடித்துத் தராசில் நிறுத்துச் சந்தோஷப்படும் கூட்டம். ஆனாலும் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். போட்டியில் மீன் குறைந்துபோயிற்று, எல்லாவற்றையும் மதகடிப் பிசாசு தின்றுவிட்டது என்று புகார் வந்தது. எங்கள் தூண்டில் சங்கம் மதுக்கடை மாடியில் கூடியது. அவளைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்று கை தூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. பொறுப்பைச் செயலாளரான கிளிஃப்பிடம் கொடுத்தார்கள்.

படியில் இறங்கும்போது என் தோளில் கை போட்டான். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடா எர்னி. அவ எங்க படுப்பா, எப்பக் கடிப்பான்னு உனக்குத்தான் தெரியும். நீ பிடிச்சுக் குடு, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

"சரி, வர்றேன்" என்றேன். நான் போகாவிட்டால் அவன் கத்துக்குட்டி எவனையாவது கூட்டிக்கொண்டு போவான். அவள் கொக்கியை வயிறுவரை விழுங்கும்படி விட்டுவிடுவார்கள்.

காலையில் நல்ல பனிமூட்டம். உதிர்ந்த இலைகள் தண்ணீரை மூடி, தூண்டில் நரம்பில் வந்து வந்து சிக்கின. கிளிஃப் தொடைவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஊற்றினான். "டோரிஸ் கிட்ட என்ன சொல்லிட்டு வந்த? காதலிக்கு இன்னைக்குக் கடைசி நாள்னா?" என்றான். தக்கை நகர்ந்தது. அவள் இரையைத் திருப்பிக் கவ்வ நேரம் கொடுக்காமல் உடனே வெட்டி இழுத்தேன். கொக்கி வாயோரத்தில் சுத்தமாகப் பாய்ந்திருந்தது. நீளக் கம்பு வைத்த கைவலையில் அள்ளித் தூக்கியது கிளிஃப். அதை அழகாகச் செய்தான், குறை சொல்ல முடியாது.

பாயில் கிடத்தியதும் சட்டைப்பைக்குள்ளிருந்து மீனை அடித்துக் கொல்லும் குட்டைக் கட்டையை எடுத்தான். "அந்தப் பக்கம் திரும்பிக்கோ எர்னி. ரெண்டே தட்டு."

"கொக்கியக் கழட்டிக்கறேன். வாயில கொக்கியோட அடிக்கறது மரியாதையா?"

"உன் மரியாதையும் நீயும்" என்று சிரித்தான். ஒதுங்கி இடம் விட்டான்.

கழற்றினேன். அப்படியே அவளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு கல்படியில் இறங்கினேன். கிளிஃப் என் கோட்டைப் பிடிக்கப் பாய்ந்தான். நான் சற்று நகர்ந்துகொண்டேன், அவ்வளவுதான். ஈரப் பாயில் கால் வைத்தவன் அப்படியே பள்ளத்துக்குள் போய்விட்டான்.

மேலே வந்தபோது, சுவரில் படகு கட்டும் இரும்பு வளையம் கையில் பட்டுப் பிடித்துக்கொண்டான். பூட்ஸ் நிறையத் தண்ணீர் ஏறி அவனைக் கீழே இழுத்தது. "வலைய நீட்டுடா" என்றான்.

வலை என் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். "ஒரு நிமிஷம் கிளிஃப், இவ இன்னும் தேறல" என்றேன். அவன் தூண்டில்காரன் அல்லவா, புரிந்துகொண்டான். வளையத்தில் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டான். பிறகுதான் கெஞ்ச ஆரம்பித்தான். அந்த ஓசை அவளை மிரட்டுமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் வாலை ஒரு உதறு உதறி அவள் இறங்கிப் போனாள்.

அப்புறம் வலையை எடுத்தேன். அவனைத் தூக்கத்தான் எடுத்தேன், மேடம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வளையத்தை விட்டுவிட்டு வலை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். உதடெல்லாம் நீலம், பல் தந்தியடித்தது. அப்போதும் சிரிக்கப் பார்த்தான்.

"போயிட்டாளா? சரி விடு. நாளைக்கு வந்து பிடிச்சுக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி போயிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னான். ஆகவே அவன் நிச்சயம் வருவான் என்று தெரிந்துபோயிற்று. விளிம்பை அவன் கையிலிருந்து முறுக்கி எடுத்தேன். அவ்வளவு பெரிய மீனுக்காக வாங்கிய வலை. கவிழ்த்ததும் அவன் தலையைத் தாண்டித் தோள்வரை இறங்கிற்று. கம்பை என் நெஞ்சில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டேன். முதலில் நன்றாகத் திமிறினான். நான் அவசரப்படவில்லை. அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். ஆம், கிளிஃப் ஹார்கரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் இப்போது சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி இறங்கியவர்கள், மதகடியில் பெரிய பைக் மீன் ஒன்று மல்லாந்து கிடந்ததைப் பார்த்தார்களாம். இடது செவுள்மூடி கிழிந்திருந்ததாம். அவளுக்கும் அப்படித்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அது அவளாகிவிடுமா? கால்வாயில் ஒரே ஒரு பெரிய மீன்தானா இருக்கும்? நான் அவளைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன், சரியான நேரத்தில்தான் விட்டேன். கிளிஃப் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனைக் கேட்டால் சொல்வான்.