தூது கேட்கும் முறை

மீன்குழம்பை இரண்டாம் முறை சூடாக்கினால் மீன் உதிர்ந்துவிடும். கல்யாணமான நாள் முதல் நான் உதிர்ந்த மீனைத்தான் பரிமாறி வந்தேன். என் கணவர் விஷக்கடி வைத்தியர்; ஊருக்குப் பரியாரியார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் யாரையாவது பாம்பு கடித்தால் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அவருக்கு வயிற்றில் புண் வந்தது. மட்டக்களப்பு டொக்டர் மருந்தை என் கையில் தந்து, "இதைவிட நேரத்துக்குச் சாப்பாடுதான் முக்கியம். அது உங்கட பொறுப்பு" என்றார். அதுவரை யாரும் என்னிடம் ஒரு பொறுப்பை அவ்வளவு தெளிவாகத் தந்ததில்லை.

யுத்தத்துக்கு முந்திய வருடம், அறுவடைக் காலம். ஒரு மத்தியானம், அவர் சோற்றில் கை வைத்த நேரத்தில், வயல்காரன் கோணாமலை மாட்டுவண்டியோடு வந்தான். அவன் மனைவி அன்னப்பூரணி வைக்கோல் மேல் சாய்ந்திருந்தாள். கணுக்காலுக்கு மேலே துணிக்கட்டு.

"அக்கா, பரியாரியாரக் கூப்பிடுங்க. இவளப் பாம்பு கடிச்சிட்டு."

"கல்யாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான்கா இந்த மனிசன் என்னய வண்டியில ஏத்தியிருக்காரு" என்றாள் அவள். நானும் சிரித்தேன்.

பாம்புக்கடிச் செய்தி கொண்டுவருபவனைத் தூதன் என்போம். அவன் நிற்கும் திசைக்கும் முதலில் சொல்லும் சொல்லுக்கும் பலன் உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் அதோடு ஒன்றைச் சேர்த்தேன்.

"அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கக்குள்ள தூது காதுல விழுந்தா மருந்து பலிக்காது மனே. சத்தம் போடாம நில்லு."

அவன் உடனே வாயை மூடிக்கொண்டான். மாட்டின் கழுத்து மணியையும் கையால் பொத்திப் பிடித்தான்.

உள்ளே அவர், "ஆரு வந்திருக்கிற?" என்றார்.

"விறகு வண்டி."

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடு."

போட்டேன். ஜன்னலால் ஒருமுறை பார்த்தேன். அன்னப்பூரணியின் கண்ணிமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அது எதன் அறிகுறி என்று வைத்தியர் மனைவிக்குத் தெரியும். மோரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சாப்பிட்டபின் அவர் வெற்றிலை போட்டார். அதிலும் நான் அவசரப்படுத்தவில்லை.

அவர் வண்டியருகே போனபோது அவளுக்கு நாக்கு எழவில்லை. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

விசாரிக்க வந்த ஊர் அதிகாரி விதானையாரிடம் கோணாமலையே சொன்னான்: "பரியாரியாரில பிழை இல்ல ஐயா. நாங்கதான் பிந்திட்டம்." என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் அவர் யாருக்கும் மருந்து எடுக்கவில்லை. என்னோடு அதிகம் பேசுவதுமில்லை. வயிற்றுப் புண் ஆறிவிட்டது.

இதைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்குக் களைப்பாக இருக்கிறது. சாப்பிடும்போது தூது சொல்லக்கூடாது என்று ஒரு முறை எங்கும் இல்லை. நான்தான் உண்டாக்கினேன். அவர்கள் பிந்தவில்லை, நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் அது அவர் சாப்பிடும் நேரம். அதை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.