தர்ஷினிக்காகக் கை உயர்த்தியவள்

"ஹெலி வருது! படுங்கோ! பிள்ளையளை அமத்துங்கோ!"

மன்னார்க் கரை. 1990, ஆவணி. காலை ஆறேகால் மணி. படகு முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. முதலில் ஹெலிகொப்டரின் டபடபவென்ற சத்தம். அடுத்து, மணலைத் தைத்துக்கொண்டு வருகிற குண்டுகளின் சத்தம். நான் சுகந்தியின் மேல் விழுகிறேன். சுகந்தி என் தங்கையின் மகள், தகப்பன் இல்லாத பிள்ளை. என் மகள் தர்ஷினி தங்கையின் கையில் இருக்கிறாள். விடியுமுன் ஓடிவந்ததில் பிள்ளைகள் கை மாறிவிட்டார்கள்.

ஹெலி இரண்டு தரம் திரும்பி வந்தது. பிறகு போய்விட்டது. தங்கை எழும்பவில்லை. தர்ஷினியும் எழும்பவில்லை. ஒரு பனைக்குக் கீழே இருவரையும் கிடத்தி மணலைத் தள்ளி மூடினார்கள். படகுக்காரர் கத்தினார். "ஏறுங்கோ! ஏறாட்டி விட்டிட்டுப் போறன்!"

ஏறினேன். இந்தச் சொல்லை எழுத இன்றும் கை கூசுகிறது.

படகில் ஒரு கதை அடிபட்டது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அந்தக் கரையில் பிரித்து விடுதிக்கு அனுப்புவார்களாம். உண்மையோ பொய்யோ, விசாரிக்க யார் இருந்தார்கள்? இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் எழுத்தர் கேட்டார். "உங்க பொண்ணா?" ஓம் என்றேன். பெயர்? தர்ஷினி என்றேன். பொலித்தீன் பையில் தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்து வயது. யாரும் மேலே கேட்கவில்லை.

பவானிக்குப் பக்கத்தில் முகாம் கொடுத்தார்கள். பத்துக்குப் பத்து அறை. மாதம் இரண்டு தணிக்கை. அதிகாரி பெயர் வாசிப்பார். "தர்ஷினி." சுகந்தி கை உயர்த்துவாள். செத்த என் பிள்ளை மாதம் இரண்டு தரம் ஆஜரானாள். சுகந்தி வாய் தவறி என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் அடித்தேன். அடித்துத்தான் அம்மா என்று பழக்கினேன். பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் கனடாவில் இருந்தார். தர்ஷினிக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது போனவர். அவருக்கு நான் உண்மையை எழுதவில்லை. தனியே கிடக்கிற மனுஷன் ஏதாவது செய்துகொள்வார் என்று முதலில் பயந்தேன். பிறகு, இவ்வளவு நாள் மறைத்துவிட்டேனே என்று பயந்தேன். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் மகளுக்குச் சட்டை அனுப்பினார். சுகந்தி போட்டுக்கொண்டாள்.

1994, தை. கடிதம் வருகிறது. அவரை அகதியாக ஏற்றுக்கொண்டார்களாம். இனி நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மனைவி, பிள்ளை பெயரையும் சேர்த்துப் போட்டால் மூன்று பேருக்கும் கிடைக்கும். 'மகளின் படம் நாலு அனுப்பு. பின்பக்கம் பெயர் இருக்க வேண்டும். அவளுக்கு என் மூக்கா, உன் மூக்கா?'

முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு பவானிக்குப் பஸ் ஏறினோம். ஸ்டுடியோக்காரர் தன்மையான மனிதர்.

"மொகத்தைக் கொஞ்சம் தூக்கு கண்ணு. ஆங், அப்படித்தான்."

டக். படம் எடுத்து முடிந்தது. படங்களின் பின்பக்கம் போட வேண்டிய பெயரை உறையில் குறிக்கப் பேனாவை எடுத்தார்.

"உம்பேரென்ன கண்ணு?"

முகாமில் பெயரை வாசிப்பார்கள். கேட்க மாட்டார்கள். பள்ளியிலும் அப்படித்தான். அவளிடம் பெயரை இவ்வளவு அன்பாக யாரும் கேட்டதில்லை.

"சுகந்தி" என்றாள். உடனே என்னைப் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். "இல்ல, தர்ஷினி" என்றாள்.

அவர் குழம்பிப்போனார். "ஏனுங்க அம்மணி, ரெண்டுல எதை எழுதட்டுமுங்க?"

தர்ஷினி என்றால் போதும். கனடா. ஹெலி இல்லாத வானம். ஒரு வீடு. சுகந்திக்கும் நல்லதுதானே? ஆனால் அவள் அடிக்குக் காத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

"சுகந்தி எண்டு எழுதுங்கோ" என்றேன்.

அன்றே கணவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'அவள் செத்த நேரம் நான் ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருப்பேன். நாலு வருஷம் யாருக்குச் சட்டை வாங்கினேன்?' தத்துப் பத்திரம் இல்லாத பெறாமகளைச் சேர்க்க முடியாதாம். கூட வந்த படிவத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. சுகந்தியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று எழுதினேன். பிறகு கடிதம் வரவில்லை.

முகாம் அதிகாரியிடமும் போய்ச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். பதிவேட்டில் ஒரு பெயரை அடித்தார். பக்கத்தில் இன்னொன்றை எழுதினார்.

மறக்கக் கூடாது என்பதற்காக இழந்ததை எழுதி வைக்கிறேன். தங்கை, இருபத்தாறு வயது. மகள் தர்ஷினி, ஐந்து வயது. இருவருக்கும் ஒரே குழி. அடையாளக் கல் இல்லை. மன்னாரில் ஒரு கல்வீடு, ஒரு கிணறு, இரண்டு மாடுகள். கடலுக்கு அப்பால் ஒரு கணவர், உயிரோடு.

சுகந்திக்கு விழுந்த அடிகளையும் இதில் சேர்க்க வேண்டும். எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.