யசோதா டிக்

டேப்லெட்டுக்குக் கீபோர்டு வாங்க வருகிறவர்கள், பெட்டியின் சீல் பிரிக்காமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டாம். பெட்டியைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். பதினோரு வருடமாகக் கடையில் இதைச் சொல்லி வருகிறேன். தலையை ஆட்டிவிட்டு, சீலைத் தடவிப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள்.

மேடம், கன்னடத்தில் இல்லாமல் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னதற்கு நன்றி. எனக்கு அதுதான் ஒழுங்காக வரும். நான் படித்தது ஜீவனஹள்ளியில், தமிழ் மீடியம். என் தங்கை சங்கமித்ரா படித்தது காக்ஸ் டவுனில், இங்கிலீஷ் மீடியம். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. நான் எழுதுவதை அவளுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மணலைப் பற்றி நேற்று மூன்று முறை கேட்டீர்கள். வீட்டுக்குள் கட்டில் பக்கத்தில் அரை பக்கெட் மணல் எதற்கு என்று. சொல்கிறேன். முதலில் என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

எத்திராஜ் அண்ணன் கடையில் விற்பது எல்லாம் பழைய ஸ்டாக். கம்பெனிக்காரர்கள் ஒரு மாடலை நிறுத்திவிட்டால் மிச்சமிருக்கும் கீபோர்டு, பேனா, சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அது அத்திபெலேயில் ஒரு குடோனுக்கு வரும். அண்ணன் மாதம் ஒருமுறை ஆட்டோ வைத்து ஏற்றிக்கொண்டு வருவார். ஐந்து வருடம், ஆறு வருடம் சார்ஜ் பார்க்காத சாமான்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி காய்ந்து கிடக்கும். சிலது சார்ஜ் போட்டதும் எழுந்துகொள்ளும். சிலது எழுந்திருக்காது. சிலது உப்பிவிடும். எது எப்படி என்று பார்த்துப் பிரிப்பது என் வேலை.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் சார்ஜ் கடையில்தான் போட வேண்டும். கடப்பா கல் மேடை மேல், பக்கத்தில் துணியோ அட்டையோ இல்லாமல், மூன்று மணி நேரம். ஆள் எழுந்து போகக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கல்லின் மேல் படுக்க வைத்து ஒரு மூலையை அழுத்த வேண்டும். ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அது கடைக்குப் பின்னால் மணல் போட்ட தகர டின்னுக்குள் போய்விடும். ஆடாமல் இருந்தால் மடிப்பு ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு டிக் போட்டு, கீழே 'ய' என்று எழுதுவேன். யார் பார்த்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அண்ணன் ஆரம்பித்தது. போகப்போக, வருகிறவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். டியூஷன் எடுக்கும் பிரிஸில்லா டீச்சர் வாசலில் நின்றபடியே, "யசோதா டிக் போட்ட பீஸா இருந்தா மட்டும் குடுங்க எத்திராஜ்" என்பார். என் பெயரை ஊரில் நாலு பேர் சொன்னது அதற்காக மட்டும்தான்.

பெயர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது அப்பா விகாரைக்குப் போக ஆரம்பித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாள் "யசோதான்னு வையுங்களேன்" என்றாராம், வைத்துவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்துத் தங்கை பிறந்தாள். அதற்குள் அப்பா பௌத்தத்துக்கு வந்துவிட்டார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் தூக்கிவிட்டு வந்து, ஒரு வாரம் புத்தகம் புத்தகமாகப் புரட்டி, சங்கமித்ரா என்று எடுத்தார். பிக்குவை வரவழைத்து, தெருவுக்கே பாயசம் கொடுத்தார்கள். கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

நானும் வரைவேன். இது வெளியில் யாருக்கும் தெரியாது. கடையில் சேர்ந்த புதிதில் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் வரைவேன். சங்கமித்ராவுக்கு அப்போது பதினோரு வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கை வரைவது எப்படி என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். விரலிலிருந்து தொடங்காதே, மணிக்கட்டிலிருந்து தொடங்கு என்றேன். ஒரு நாள் ஒரே அட்டையில் ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவளும் வரைந்திருந்தோம். அப்பா வந்து பார்த்தார். கத்தரிக்கோல் எடுத்து அவள் வரைந்ததை மட்டும் வெட்டி, அம்பேத்கர் படத்துக்குக் கீழே ஒட்டினார். மிச்ச அட்டையை அம்மா குப்பை அள்ள ரொம்ப நாள் வைத்திருந்தார்.

பிறகு அவள் வளர்ந்தாள், ஒரு டிரஸ்ட் டேப்லெட் கொடுத்தது, போன மாதம் ஆமதாபாத்தில் டிசைன் படிக்க இடம் கிடைத்தது. எதை வரைந்து அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. விகாரையில் அவளுக்குச் சால்வை போட்ட அன்று சுவரில் படம் காட்டினார்கள். பன்னிரண்டு படம். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை, பெயின்ட் பேனா பிடித்த கை, கடப்பா கல்லில் கீபோர்டை அழுத்தும் கை. எல்லாம் என் கைகள். நகத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு வரை சரியாக இருந்தது. யாரோ கேட்டார்கள், யாருடைய கை என்று. "எங்க அக்காது" என்றாள். சபையே உருகிப்போய் அவளைப் பார்த்தது. ஒருவர்கூடத் திரும்பி என் கையைப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது அப்பா ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவ சங்கமித்ராவோட அக்கா" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வயிறு எரிந்ததால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் இருபத்திரண்டு வருடமாக எரிகிறது, அதுவரை நான் ஒன்றும் செய்யவில்லையே.

திங்கட்கிழமை ரயில். அதற்கு முந்தைய வாரம் அவள் கேட்டாள்.

"அக்கா, கீபோர்டு ஒண்ணு வேணும்க்கா. அங்க நோட்ஸ் எல்லாம் டைப் பண்ணணுமாம். உன் கடையில இருந்து குடேன்."

"புதுசா வாங்கிக்கோயேன். அப்பா வாங்கித் தருவாரு."

"புதுசு பேடா, வேணாம்க்கா. உன் டிக் போட்டதுதான் வேணும். அங்க போய் எல்லாருக்கும் காட்டுவேன்."

காட்டுவேன் என்றாள். அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பின்னால் போய்த் தகர டின்னுக்குள் கையை விட்டேன். நான் கழித்துப் போட்டதில் ஒன்றை எடுத்தேன். ஏழு வருடப் பழசு. கல்லில் வைத்து அழுத்தினேன், ஆடியது. மணலைத் தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மடிப்பு ஓரத்தில் டிக் போட்டு, 'ய' எழுதினேன். வழக்கத்தைவிட அழகாக வந்தது. வேறு ஒரு பெட்டியில் போட்டுச் சீல் ஒட்டினேன். சீல் இருந்தால் அவளும் சந்தோஷப்படுவாள்.

பெரும்பாலும் இவை சும்மா செத்துப்போகும், ஒன்றும் ஆகாது. ரயில் ஏறிய பிறகு வேலை செய்யாமல் போகட்டும், நாலு பேர் முன்னால் காட்டும்போது ஆன் ஆகாமல் இருக்கட்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுதும் பொய்யில்லை. வியாழக்கிழமை அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, தெருமுனையில் வீடு கட்டும் இடத்தில் அரை பக்கெட் மணல் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா எதற்கு என்று கேட்டார். மணி பிளான்ட்டுக்கு என்றேன். இதைத்தான் நீங்கள் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், கெடுதல் நினைப்பவள் மணல் வாங்கி வைப்பாளா. என் தங்கையின் முகத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் வாங்கினேன். அது போலவே முகம் தப்பித்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அப்பாவும் அம்மாவும் சிவாஜிநகருக்குச் சூட்கேஸ் வாங்கப் போனார்கள். அவள் பெட்டியைப் பிரித்தாள். முதலில் டிக்கைத் தேடிப் பார்த்து, விரலால் தடவினாள். புத்தர் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் வைத்து எடுத்தாள். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் அப்படித்தான். பிறகு கட்டில் பக்கத்துப் பிளக்கில் சொருகிவிட்டு, மேசையில் வைக்கப் போனாள்.

"மேசை எதுக்கு, மடியில வெச்சே டைப் பண்ணு," என்றேன்.

"மொதல் சார்ஜ் யாரும் மடியில வெக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

"மொதல் சார்ஜ் கடையிலயே போட்டாச்சு. டிக் இருக்குது பார்."

"ஆமால்ல," என்று சிரித்தாள்.

மேசையில் வைத்திருந்தால் ஆடியிருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்கும். மடியில் ஆடுவது தெரியாது.

நான் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நாரெடுத்தேன். அவள் டைப் செய்து பழகிக்கொண்டிருந்தாள். என்ன அடிக்கிறாள் என்று கேட்டேன். காலேஜில் முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றாள். அரை மணி நேரம் போனது. கீபோர்டின் விளிம்பில் அவள் வைத்திருந்த பேனா தானாக உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. நடுவில் மேடு தட்டுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, ஸ்வல்ப சூடா இருக்குது."

"பழசு இல்லையா, மொதல்ல அப்படித்தான் இருக்கும். எடுத்துடாத."

இதுதான் நான் நேற்று சொல்லாமல் விட்டது. எடுத்துவிடாதே என்றேன். அவள் எடுக்கவில்லை. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கெட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இனிப்பாக ஒரு வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் பத்து வரை எண்ணினேன். பதினைந்து வரைகூட எண்ணியிருப்பேன்.

தீ வந்ததும் அவள் தள்ளிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, டேப்லெட்டைவிட்டுப் பிரிக்கப் பார்த்தாள். அப்புறம்தான் நான் மணலைக் கொட்டினேன். உள்ளங்கை இரண்டும், தொடையும் போயிற்று. வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் காட்டி, இவள் மணல் போடாவிட்டால் பெண் பிழைத்திருக்காது என்றார்கள். அப்பா என் தோளில் முகத்தை வைத்து அழுதார். "நீ இல்லன்னா இன்னா ஆயிருக்கும்மா யசோதா," என்றார். என் பெயரை அப்படி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் என் கையில் இருந்த சின்னக் கொப்புளத்துக்கு மருந்து போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. நீங்கள் வந்து கேட்டீர்கள். கட்டுப்போட்ட கைகளை மார்பில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "எங்க அக்கா டிக் போட்டா அது நல்ல பீஸ்தான் மேடம். நான்தான் தப்பான சார்ஜர் போட்டிருப்பேன். அக்கா மேல ஒண்ணும் எழுதாதீங்க." நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன மனசு இந்தப் பெண்ணுக்கு என்று பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சொன்னார். அப்பா என் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அதனால்தான் இன்று காலை நானாக போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். எத்திராஜ் அண்ணனை உட்கார வைத்திருக்கிறீர்கள், அவரை அனுப்பிவிடுங்கள். சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. அந்த பீஸைக் கழித்தது நான், திரும்ப எடுத்தது நான், டிக் போட்டது நான், மடியில் வை என்றது நான், எடுக்காதே என்றதும் நான். அவள் ஒன்றுமே செய்யவில்லை. அவள் செய்யாததை அவள் செய்ததாக எழுதி, அதற்கும் ஊரே அவளைக் கொண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எல்லாம் என் கையால் எழுதியது. கீழே என் முழுப் பெயரைப் போட்டிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். சங்கமித்ராவின் அக்கா என்று எங்கேயும் எழுத வேண்டாம்.