ஒரு நட்சத்திரம் போதும்

– ‘உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்லையா?’ அதையே முதல் வரியாப் போடு.

– அப்படி ஆரம்பிக்க முடியாது, மனுஷா. முதல்ல ஓட்டலுக்கு நட்சத்திரம் கேக்குது. அஞ்சு வரிசையா நிக்குது. எத்தனைன்னு தொட்டாத்தான் எழுத விடும்.

– ஒண்ணு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையா?

– ஒண்ணுதான் கடைசி.

– அப்போ ஒரு நட்சத்திரம் போதும். அதுவும் கூரை ஒழுகலங்கறதுக்காக. தொட்டியா?

– இரு, கண்ணாடி போட்டுக்கறேன். இந்த போன்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. இப்போ பேரு கேக்குது.

– முழுப் பேரையும் போடு. தோப்ரிவோயே, சாயெச்சார் ஊர்க்காரன், ரயில்வேயில இருந்து ஓய்வு பெற்றவன். எவனோ மறைஞ்சு நின்னு கல்லெறியறான்னு யாரும் நினைக்கக் கூடாது, கேட்டியா?

– மெதுவாப் பேசு. அந்த வரவேற்பு மேசையில இருக்கற பொண்ணு நம்மளையே பாக்குது.

– பாக்கட்டும். அது ஒரு தனிக் கதை, அதையும் எழுது. நேத்து ராத்திரி நம்ம வீட்டு ரக்கியாச் சாராயம் ஒரு பாட்டில் கொண்டுபோய் நீட்டறேன். என் கையால காய்ச்சினது, நம்ம பிளம் பழத்துல. ‘மன்னிக்கணும் ஐயா, வாங்கக் கூடாது’ங்கறா. ஏம்மா! இங்க வா. நீ சொன்னியா இல்லையா?

– சொன்னேன் ஐயா.

– ஒருத்தர் வீட்டு வாசல்ல ஏறுறப்போ கையில ஏதாவது கொண்டுபோகணும். உங்க வீட்டுல யாரும் இதைச் சொல்லித் தரலையா?

– சொல்லிக் குடுத்திருக்காங்க ஐயா. எங்கப்பாவும் எங்க போனாலும் பாட்டிலும் கையுமாத்தான் போவாரு. ஆனா என் தலைக்கு மேல கேமரா இருக்கு. வாங்கினா எனக்கு வேலை இருக்காது.

– நீ போம்மா, அவர் அப்படித்தான். உன் பேரு இதுல வராது. நான்தானே எழுதறேன்.

– வரும். ஏன் வராது?

– வராது. அடுத்ததைச் சொல்லு.

– கட்டில். ரெண்டு ஒத்தைக் கட்டிலை ஒட்டி வச்சு, மேல ஒரே விரிப்பைப் போட்டு மூடிட்டு, அதுக்குப் பேரு இரட்டைக் கட்டிலாம். ராத்திரி என் கை நடுப் பள்ளத்துல மாட்டிக்கிச்சு.

– கை நடுவுக்கு எதுக்கு வந்துச்சு?

– பொம்பளே, பேச்சை மாத்தாதே. எழுது. ஜன்னல் ஒரு சாணுக்கு மேல திறக்கல. விளக்கு எரியணும்னா சுவத்துல அட்டையைச் சொருகணும். அட்டையை எடுத்தா இருட்டு. இது அறையா, சிறையா? குளிக்கிற இடத்துல கண்ணாடித் தடுப்பு பாதிதான் இருக்கு. தண்ணி பூரா கதவு வரைக்கும் ஓடுது. சுவத்துல ஒரு பாலத்தோட படம். எந்த ஊர்ப் பாலம்னு கேட்டா யாருக்கும் தெரியல. நீஷ் ஊர்ல இதே கம்பெனி ஓட்டல்ல என் ரயில்வே கூட்டாளி ஸ்லாவோல்யுப் தங்கினான். அங்கேயும் இதே பாலம்தானாம்.

– சுத்தம் எப்படின்னு கேக்குது.

– அழுக்கு.

– அழுக்கு இல்லையே. கட்டிலுக்கு அடியில கைவிட்டுத் தடவிப் பாத்தேன். தூசி இல்ல.

– ஓட்டலுக்கு வந்து கட்டிலுக்கு அடியில யாராவது தடவிப் பாப்பாங்களா?

– பழக்கம்.

– காலைச் சாப்பாடு. அதை நல்லா எழுது. முட்டை பொடியில கரைச்சது. காப்பி ஒரு இயந்திரத்துல இருந்து நுரை நுரையா வருது, நம்ம செம்புக் குவளைக் காப்பி இல்ல. நான் ரொட்டித் தட்டோட நின்னுட்டிருக்கேன், ஒருத்தரும் ‘ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, தாத்தா?’ன்னு ஒரு வார்த்தை கேக்கல. மேசை மேல ஒரு அட்டை. என்ன எழுதியிருந்துச்சு?

– ‘உங்கள் வீட்டில் இருப்பதுபோல் இருங்கள்.’

– வீடு! இந்த நோவி சாத்ல என் சொந்த மகன் வீடு இருக்கு. இங்கேருந்து ஆத்தங்கரையோரமா நடந்தா ஒரு சிகரெட் முடியறதுக்குள்ள போயிடலாம். நேத்து அந்த வீட்டுல என்ன? தேவதூதர் மிக்கேல் திருநாள். எங்கப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா கொண்டாடின குடும்பத் திருநாள். அன்னிக்குத் தெருவுல போறவன் கதவைத் தட்டினாலும் உக்கார வச்சுச் சாப்பாடு போடணும். அப்படிப்பட்ட நாள்ல பெத்த அப்பனைக் கார்ல ஏத்திக் கொண்டுவந்து ஓட்டல் வாசல்ல இறக்கி விடறான். ‘காலையில போன் பண்றேன்ப்பா’ங்கறான். எழுது. பேரோட எழுது. வுகாஷின்.

– மகன் பேரை ஓட்டல் விமர்சனத்துலயா?

– ஆமா. அவன் ஆபீஸ்ல இருக்கறவனெல்லாம் படிக்கட்டும். இந்த வருஷம்தான் முதல் தடவையாத் திருநாளை அவன் கையில குடுத்தேன். ரொட்டியை வெட்டி, ‘இந்தா, இனிமே நீதான் வீட்டுக்காரன்’னு குடுத்தேன். என்ன பண்ணினான்? விருந்தாளி வந்திருக்கறப்போ வீட்டுக்காரன் உக்காரவே கூடாது, அவன் ரெண்டு தடவை உக்காந்தான். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அவன் பொண்டாட்டி தியானா அவிச்ச கோதுமையைக் கொண்டுவந்து நடு மேசையில வைக்கறா. தேவதூதருக்கு எவனாவது கோதுமை அவிப்பானா? அது செத்தவங்களுக்கு. மிக்கேல் என்ன செத்தா போயிட்டாரு? ரெக்கையோட பறந்துட்டிருக்காரு!

– பாதிரியாரே தப்பில்லன்னாரு.

– அவருக்கு இன்னும் தாடியே ஒழுங்கா முளைக்கல.

– நீ தட்டைத் தள்ளிவிட்ட. எல்லாரும் பாத்தாங்க. தியானா உள்ள போய் அழுதுட்டு, முகம் கழுவிட்டு வந்து உனக்கு சூப் ஊத்திச்சு.

– அழுதாளா? எனக்கு எப்படித் தெரியும்?

– உனக்கு எப்படித் தெரியும்? நாங்க முகம் கழுவிட்டுத்தானே வர்றோம்.

– அதை விடு. இதுவரைக்கும் எழுதினதைப் படி.

– ‘அறை சுத்தமாக இருந்தது. விரிப்பு வெயிலில் காய்ந்த மாதிரி வாசம். தலையணை இரண்டு வகை, ஒன்று மெத்து, ஒன்று கெட்டி. கட்டில் இரண்டாக இருந்தது மிகவும் நல்லது, பக்கத்தில் இருப்பவர் புரண்டால் நம் பக்கம் ஆடவில்லை. மேசையில் இருக்கும் பெண் மரியாதையானவள். காப்பியை நான் உட்கார்ந்தபடியே குடித்தேன்.’

– இது என்ன! நான் இதையா சொன்னேன்?

– நீ சொன்னது நீ தங்கினது. நானும்தான் தங்கினேன்.

– பொம்பளே, விளையாடாதே. எல்லாத்தையும் அழி. நம்ம பிள்ளை நம்மளை வெளியில தள்ளியிருக்கான், நீ தலையணையைப் பத்திப் பாட்டுப் பாடறியா?

– அவன் தள்ளல.

– பின்ன இங்க யாரு கொண்டுவந்து விட்டது, மிக்கேலா?

– வுகாஷின் தன்னோட கட்டிலைத்தான் நமக்குத் தர்றதா இருந்தான். பிள்ளைங்களோட தரையில படுத்துக்கறேன்னான். தியானா புது விரிப்பு கூட வாங்கி வச்சிருந்துச்சு. நான்தான் போன் பண்ணி வேண்டாம்னேன். ஓட்டல்ல அறை எடுன்னு சொன்னது நான். எந்த ஓட்டல்னு சொன்னதும் நான்தான்.

– நீயா?

– நான்தான். அப்பாகிட்ட சொல்லாதேன்னும் சொன்னேன். அதனால ராத்திரி கார்ல நீ திட்டின திட்டையெல்லாம் வாயை மூடிட்டு வாங்கிக்கிட்டான்.

– எதுக்கு?

– அந்த வீட்டுல படுத்திருந்தா நான் படுத்திருக்க மாட்டேன், மனுஷா. விருந்து முடிஞ்சதும் பாத்திரம். பாத்திரம் முடிஞ்சதும் காலைக்கு மாவு. பாவம், அது ஒண்டியாப் பண்ணுதேன்னு நானே எழுந்து போயிருப்பேன், யாரும் கூப்பிடக் கூட வேண்டாம். கல்யாணம் ஆனதுல இருந்து என் வாழ்க்கையில வேற ஒருத்தர் விரிச்ச கட்டில்ல எத்தனை தடவை படுத்திருக்கேன் தெரியுமா? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனப்போ. அவ்வளவுதான்.

– அதுக்காக இந்த மாதிரி ஒரு இடமா? எல்லா ஊர்லயும் ஒரே அச்சு. இது யாரோட வீடும் இல்ல.

– அதுதான் எனக்குப் பிடிச்சது. யாரோட வீடும் இல்ல. உப்பு எங்கன்னு யாரும் கேக்கல. ராத்திரி நான் அழுதேன், தெரியுமா உனக்கு?

– தலையணை சரியில்லையா?

– தலையணை நல்லாத்தான் இருந்துச்சு.

– பின்ன?

– காலையில எழுந்து யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாங்கறது ஞாபகம் வந்துச்சு. அதுக்கு.

– சாயெச்சார்ல உன்னை என்ன கட்டியா வச்சிருக்கேன்? நான் குடிகாரனா? கை நீட்டியிருக்கேனா?

– இல்ல. நீ நல்லவன்னு ஊரே சொல்லும். திருநாளுக்கு நாப்பது பேர் வருவாங்க, நீ வாசல்ல நின்னு கையைக் குலுக்குவ. ‘தோப்ரிவோயே வீட்டுத் திருநாள் மாதிரி வராது’ம்பாங்க. மூணு நாள் முன்னாடியே நான் முட்டைக்கோஸ் இலையில அரிசியும் கறியும் வச்சுச் சுத்த உக்காருவேன். புளிச்ச கோஸ் வாசம் விரல்ல இருந்து போக ஒரு வாரம் ஆகும். ஒருத்தர் கூட ‘ஸ்தானியா வீட்டுத் திருநாள்’னு சொன்னதில்ல.

– அது வழக்கம். நானா உண்டாக்கினேன்?

– எங்கம்மா செத்ததும் வழக்கமா?

– அதை எதுக்கு இப்போ எடுக்கற?

– இப்போ எடுக்காம எப்போ எடுக்கறது? அன்னிக்கும் திருநாள், போன் வந்தப்போ நான் கடைசிப் பானைக்குக் கோஸ் இலை சுத்திட்டிருந்தேன். கை பூரா கறி. பக்கத்து வீட்டு மிலுங்காதான் போனை என் காதுல வச்சுப் பிடிச்சா. எங்கம்மா போயிட்டான்னு தெரிஞ்சதும் உன்கிட்ட வந்தேன். நீ சட்டை மாத்திட்டிருந்த. என்ன சொன்ன?

– விருந்தாளிங்க வந்துட்டிருந்தாங்க, ஸ்தானியா.

– ‘திருநாளைத் தள்ளி வைக்க முடியாது, நாளைக்குப் போகலாம்’ன. நான் சாயந்திரம் வரைக்கும் தட்டு தூக்கினேன். வந்தவங்ககிட்ட நல்லபடியாப் பேசினேன். மறுநாள் நாம போய்ச் சேர்ந்தப்போ மண்ணு போட்டு முடிச்சிருந்தாங்க. மேல மாலை வச்சிருந்தாங்க. நான் எங்கம்மா முகத்தைப் பாக்கல.

– பஸ் தாமதமாயிடுச்சு. பனி.

– பஸ் தாமதமாகல, மனுஷா. நாம தாமதமாக் கிளம்பினோம். முந்தின நாள் ராத்திரி கடைசி விருந்தாளி போனதும் நீ என்னைப் பாத்திரம் கழுவச் சொல்லல, அது உண்மை. நானே கழுவினேன்.

– நான் வேணும்னு பண்ணல.

– தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா உன்னைத் திட்டக்கூட முடியல.

– சரி... சரி. அந்த வுகாஷின் பேரை எடுத்துடு.

– போடவே இல்ல.

– நட்சத்திரத்தை ரெண்டாக்கு. அந்தப் பொண்ணுக்காக.

– அஞ்சு போட்டு அனுப்பியாச்சு.

– எப்போ?

– நீ கோதுமையைப் பத்திக் கத்திட்டிருந்தப்போ.

– நல்லா இருக்கு. நான் காத்துலதான் பேசிட்டிருந்தேனா? போகட்டும். ஓட்டலை விட்டுடறேன். தியானாகிட்டயும் போன்ல ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொல்றேன், போதுமா? ஆனா ஒண்ணு. நேத்து கார்ல சொன்னதுதான். அடுத்த வருஷம் திருநாள் திரும்ப நம்ம வீட்டுக்கே வருது. கோதுமை இல்லாம, ஒழுங்கு முறையா, எங்கப்பா பண்ணின மாதிரி. அதுல மாத்தமில்ல.

– நாப்பது பேருக்கா?

– நாப்பது பேருக்கு. பழைய பெரிய பானையை ஈயம் பூசக் குடுக்கணும். நீ ஞாபகப்படுத்து.

– நான் இவ்வளவு நேரம் பேசினதுல உன் காதுல என்னதான் விழுந்துச்சு?

– எல்லாம் விழுந்துச்சு. கஷ்டம்தான், நான் இல்லேங்கல. மிலுங்காவை ஒத்தாசைக்குக் கூப்பிட்டுக்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தினா சீக்கிரம் முடிஞ்சிடும். எழுந்திரு, பஸ் போயிடும்.

– உன் பையில ரொட்டியும் சீஸும் வச்சிருக்கேன். ரத்த அழுத்த மாத்திரை பையோட பக்கப் பாக்கெட்ல இருக்கு. வீட்டுல அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி புகைபோக்கி மூடியைத் திற, போன தடவை மாதிரி மறந்துடாதே. சூப்பை ஃப்ரிட்ஜ்ல உறைய வச்சிருக்கேன்.

– இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்ற? இரு, இங்க என் பை மட்டும்தான் இருக்கு. உன்னுது எங்க?

– மேல. அறையில.

– இன்னும் அறையில என்ன? காலி பண்ணிச் சாவியைக் குடுக்கணுமில்ல? போய் எடுத்துட்டு வா, பொம்பளே. நமக்காக பஸ் நிக்காது.

– நிக்க வேண்டாம், நீ ஏறிக்கோ. அறையை ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் பேர்ல எடுத்திருக்கேன், அதுக்கப்புறம் எங்கன்னு நான் இன்னும் முடிவு பண்ணல.