ஜன்னலோர மெஷின்

டமால் என்று சத்தம் கேட்டபோது நான் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஜிம் நடத்துகிறவன் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். எவனாவது தூக்க முடியாததைத் தூக்குவான். முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, கோபம் வந்தவன்போலக் கீழே போடுவான். உங்களுக்கு இதெல்லாம் பழக்கமிருக்காது, இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அழகிலேயே தெரிகிறது.

பழத்தைப் பிழிந்து, கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போனேன். ஜன்னலோர டிரெட்மில்லுக்குப் பின்னால் என் தம்பி குப்புறக் கிடந்தான். பட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாதவனுக்கு மற்றது புரியாது.

ஜிம் ஆரம்பிப்பதற்கு முன் நான் டிரெட்மில் ரிப்பேர் பார்த்தவன். ஓடுகிற எதுவும் தேயும் என்பது எனக்குக் கை கற்றுக்கொடுத்த பாடம். உடம்பும் அப்படித்தான். மூச்சிரைக்க ஓடும்போது உள்ளே ஆக்சிஜன் எரிகிறது. எரிகிற இடத்தில் பொறி பறக்கும். பொறி தசையைச் சுடும். வெட்டி வைத்த ஆப்பிள் கறுக்கிறதே, வெளியில் போட்ட இரும்பு துருப்பிடிக்கிறதே, அதே கதை. அந்தத் துருவைத் தடுக்க வைட்டமின்களையும் இலைப்பொடிகளையும் நானே அளவு பார்த்துக் கலந்து மாத்திரையாக அடைத்தேன். என் ஜிம்முக்கு வருகிறவர்கள் அதற்குத் தகுதியானவர்களா என்பது வேறு விஷயம். பாதிப் பேருக்கு ஓடும்போது வருவதைவிடக் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் அதிகம் வியர்க்கிறது.

வம்பு, ஜிம்முக்கு ஓட வருகிற பல் டாக்டர் ரூபத்தில் வந்தது. எதையாவது படித்துவிட்டு வந்து அடுத்தவன் தொழிலில் மூக்கை நுழைக்கிற ஜாதி. எல்லோரும் இருக்கும்போது ஆரம்பித்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறி பறந்தாத்தான் நல்லதாம். அதைப் பாத்துத்தான் உடம்பு தன்னைத்தானே காப்பாத்திக்கக் கத்துக்குதாம். மாத்திரைய அள்ளிப் போட்டு அணைச்சா, உடம்பு சோம்பேறி ஆயிடுமாம்."

"ஓடிப் பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டர்."

"சரி, சோதிச்சே பாத்துடலாம். பாதிப் பேருக்கு உங்க மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ரெண்டு மாசத்துல யாரு வேகமா ஓடுறாங்கன்னு பாப்போம்."

தையல்கடை அக்கா கைதட்டினார். அவருக்கு எதற்கும் கைதட்டத் தெரியும். நான் ஒப்புக்கொண்டேன். மருந்து சிவப்பு டப்பாவில், மாவு வெள்ளை டப்பாவில். பல் டாக்டருக்குச் சிவப்பு. தன் காலாலேயே ஓடித் தன் வாயை அடைக்கட்டும் என்றுதான். தம்பிக்கு வெள்ளை. வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள். நியாயம் என்றால் நியாயம்.

வெள்ளை டப்பாக்காரர்களுக்கு ஜன்னலோரம் இருந்த இரண்டு மெஷின்களை ஒதுக்கினேன். சிவப்புக்கு உள்பக்கம்.

ஒரு மாதம் ஆனது. மாவு தின்ற கழுதைகள் குதிரைபோல் ஓடின. என் மருந்தைத் தின்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மருந்தின் மேல் குறை இல்லை. தின்றவர்களின் லட்சணம் அப்படி. பல் டாக்டர் வேண்டுமென்றே மெதுவாக ஓடினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பிதான் எல்லோரையும்விட வேகம். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். மாடிப்படி ஏறி இறங்கும் கால்.

ஆட்கள் சரியில்லை என்றால் தராசைச் சரிசெய்வதில் தப்பில்லை. டிரெட்மில்லில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கம் திறக்கும். பட்டையை இழுக்கும் உருளையின் அளவை அதில் கொடுத்திருப்பார்கள். அதை உள்ளதைவிடச் சின்னதாக மாற்றிவிட்டால், பட்டை வேகமாக ஓடும். திரை அதைக் குறைத்துக் காட்டும். ஓடுகிறவனுக்கு உயிர் போகும். திரையைப் பார்த்தால் நடந்துபோகிறவன் வேகம்தான் இருக்கும்.

ஜன்னலோரம் இரண்டு மெஷினிலும் மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நான் முரடன் இல்லை.

பலன் உடனே தெரிந்தது. தையல்கடை அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வயசாயிடுச்சுண்ணே" என்று நின்றுவிட்டார். இன்னும் இரண்டு பேர் வருவதையே நிறுத்தினார்கள். யாருக்கும் மெஷின் மேல் சந்தேகம் வரவில்லை. திரையில் எண் மின்னினால் மனிதன் தன் காலை நம்ப மாட்டான், எண்ணைத்தான் நம்புவான். எவ்வளவு கேவலமான பிராணி, யோசித்துப் பாருங்கள்.

தம்பி மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் வியர்வை சொட்டச் சொட்ட வந்து என் காதில் கிசுகிசுத்தான்.

"அண்ணே, எனக்குத் தெரியும். நீ எனக்கு மாவு குடுத்திருக்க மாட்டே. வெள்ளைதானே மருந்து?"

எது மருந்து என்று சொல்லக் கூடாது என்பது சோதனையின் விதி.

"நான் பின்தங்கினா உன் மானம் போயிடும்ல. அந்தப் பல்லுப் புடுங்கி முன்னாடி உன்னைத் தலைகுனிய விடமாட்டேண்ணே. பழைய வேகத்தைப் புடிச்சுக் காட்டுறேன்."

முட்டாள்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று நினைத்திருந்தேன். என் மருந்துக்காகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் மருந்தைத் தோற்கடிக்க ஓடிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் உருளையின் அளவை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்க்காமல் இல்லை. படிக்கட்டில் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். பல் டாக்டர்கூட வந்து சொன்னார்.

"உங்க தம்பி உதடெல்லாம் நீலமா இருக்கு. இதய டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போங்க."

"நீங்க பல்லைப் பாருங்க டாக்டர், உதட்டை நான் பாத்துக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவன் சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்த டமால்.

அவன் பக்கத்தில் போய் நின்றேன். விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. முதலில் மெஷினை நிறுத்தினேன். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, உருளையின் அளவைப் பழையபடி மாற்றினேன். அதன் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். கையில் எலுமிச்சைப் பிசுபிசுப்பு; போனில் பட்டால் போகாது.

பக்கத்து மெஷினை மறந்துவிட்டேன். பல் டாக்டர் அதன் பட்டையில் சாக்பீசால் கோடு போட்டு, அது சுற்றி வருகிற நேரத்தை அளந்து பார்த்து உங்களிடம் வந்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே உருப்படியான வேலை.

ஆக, நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தைக்கு இங்கே வேலையில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பெண்டாட்டிக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவள் அழவில்லை. அவனுடைய வெள்ளை டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருவேளைகூட விடாம இதைப் போட்டாரே மாமா. அண்ணன் குடுத்த மருந்துன்னு கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டாரே. அப்புறமும் ஏன் மாமா இப்படி ஆச்சு?"

அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அது வெறும் மாவும்மா. சிவப்பு டப்பா சாப்பிட்டவங்க யாருக்காவது ஏதாவது ஆச்சா, பாத்தியா? இனிமேயாவது எல்லாருக்கும் என் மருந்து மேல நம்பிக்கை வரும்."