வாசலில் ஒரு ஷூ அலமாரி

— கழட்ட மாட்டேன்னா கழட்ட மாட்டேன், சிஹாரு. வேற பேச்சு இருந்தாப் பேசு.

— தொமொயே சான், இது நிஜ கிளினிக் இல்ல. இந்தக் கட்டடத்துல வரப்போற பல் கிளினிக்கை நாங்க காலேஜ் பசங்க முன்னாடியே அட்டையில கட்டிப் பாக்குறோம், அவ்ளோதான். ஷூவை அலமாரியில வச்சிட்டு, உள்ள மட்டும் போடுற இந்தத் துணி ஸ்லிப்பரை மாட்டிக்கிட்டு, அந்த நாற்காலி வரைக்கும் நடந்து காட்டுங்க போதும்.

— அட்டையப் பத்தி எனக்கே சொல்றியா? ஒன்பது வருஷமா பாலத்தடியில அட்டைக்குள்ளதான் தூங்குறேன். இது ஒத்தை அடுக்கு, ஒரு தூறலுக்குத் தாங்காது. ஃபிரிட்ஜ் வர்ற பெட்டியா வாங்கியிருக்கணும், இஞ்சினியரம்மா.

— சிரிக்கறப்ப வாயை மூடிக்கிறீங்களே, வலியா?

— வலி ஏப்ரல்லயே வந்தாச்சு. இப்ப சோத்து உருண்டையக் கூட முழுங்கத்தான் முடியுது. மூடுறது அதுக்கில்ல, முன்னாடி நாலு பல்லு கிடையாது.

— அப்ப இந்தக் கிளினிக்கே உங்களுக்குத்தானே? ஷூவைக் கழட்டறதுல என்ன வந்துச்சு? எல்லாரும் வீட்டு வாசல்ல கழட்டறதுதான்.

— வீடு இருக்கறவங்க கழட்டுவாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஜோடி. தூங்கறப்பவும் கால்லதான் கிடக்கும். ரெண்டு தடவை பறிகொடுத்திருக்கேன். ஒரு பிப்ரவரி முழுக்க ஒசாகாவுல பிளாஸ்டிக் பையைக் கால்ல சுத்திக்கிட்டு நடந்தேன். நான் வாயைப் பொளந்துக்கிட்டு மல்லாந்து கிடக்கறப்ப எவனாவது தூக்கிட்டுப் போனா?

— பூட்டு வச்ச பெட்டி வைக்கலாம்.

— நாலு நாளாக் கழட்டாத காலுறைக்கும் பூட்டு வைப்பியா? வாயைக் காட்டவே வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கோம். வாசல்லயே காலையும் காட்டச் சொன்னா ஒருத்தி வர மாட்டா.

— சொன்னது சரிதான். ஆனா முரோத்தா சென்செய் விட மாட்டார். பல் ஆஸ்பத்திரின்னா தரை சுத்தம் முக்கியம்னு ஒரே பிடி. நாலு மணிக்கு வார்டு ஆபீஸுல கிளினிக்கோட கட்டடப் படத்தைக் கொடுக்கணும். கொடுத்துட்டா அப்புறம் ஒரு கோட்டைக் கூட மாத்த முடியாது.

— உங்க வாத்தியார்கிட்ட நீ சண்டை போடு.

— சண்டை எதுக்கு? நல்ல மனுஷர். உங்களை மதிக்கறவர். "இவங்க நம்ம விருந்தாளிங்க"ன்னு சொல்லித்தான் எங்களை இங்க கூட்டிட்டு வந்தார்.

— மதிக்கறாரா? இப்ப எங்க அவர்?

— மாடியில குழாய்க்கு அளவு எடுத்துட்டு இருக்கார்.

— அலமாரியில இருக்கற பழுப்பு ஷூ அவரோடதா? அப்ப ஒரு பந்தயம். காதைக் கொடு.

— ஐயோ. அவரைச் சோதிக்கற மாதிரி ஆயிடுமே.

— நல்ல மனுஷருக்கு என்ன பயம்? நீ ஜெயிச்சா நானும் கழட்டறேன், பாலத்தடி ஆளுங்க அத்தனை பேரையும் கழட்ட வைக்கறேன். நான் ஜெயிச்சா அந்த அலமாரி படத்துல இருக்கக் கூடாது.

— சரி. பாருங்க, நான்தான் ஜெயிப்பேன்.

— சிஹாரு, மாடியில அளவு எடுத்து முடிச்சாச்சு. படத்தை எடுத்துக்கோ, டாக்ஸி வந்தாச்சு. அட, என் ஷூ எங்க?

— அலமாரியில இல்லையா, சென்செய்?

— இங்கதான் வச்சேன். யாராவது உள்ள வந்தாங்களா?

— யாரும் வரல. நாங்க ரெண்டு பேர்தான்.

— ம். தொமொயே சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா? சந்தேகம்னு இல்ல, சும்மா ஒரு தடவை பாத்துடலாம்னு.

— அதுக்கென்ன சென்செய், பாருங்க. இது போர்வை. இது காலி டப்பாங்க. இது டூத் பிரஷ், பல்லு இருக்கற வரைக்கும் தேய்க்கணுமில்ல. அடியில கையை விட்டுப் பாக்கறீங்களா?

— வேண்டாம், வேண்டாம். மன்னிக்கணும். ஆனா இப்ப ஸ்லிப்பரோட நான் எப்படி வெளிய போறது?

— ஷூ பறிபோனா நாங்க போறதில்லையா, அப்படித்தான். சிஹாரு, ரப்பரை எடு, படத்துல அலமாரியை அழி.

— எடுத்துட்டேன், தொமொயே சான். உங்க ஷூ என் பையில இருக்கு, சென்செய். அவங்க பையைத் திறக்கச் சொல்ல மாட்டீங்கன்னு நான்தான் பந்தயம் கட்டினேன்.